மேஸ்ட்ரோவின் கை இன்னும் இறங்கவில்லை

சங்கீத ரசிகர்களில் எத்தனையோ வகை உண்டு. ராகம் பிடிபடுவதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறவர், வித்வான் சுருதி சேர்ப்பதையே ஒரு கீர்த்தனையாக எண்ணி உருகுகிறவர், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் போண்டாவைத் தேடி எழுந்து போகிறவர், திரும்பி வந்து இப்போது என்ன நடக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரைத் துளைக்கிறவர், இவர்களையெல்லாம் நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஒருவேளை இவர்களில் ஒருவரோடு குடித்தனமே நடத்திக்கொண்டிருக்கலாம். இன்று நாம் பார்க்கப்போவது வேறு ஓர் இனம். இவர் பாட மாட்டார், வாசிக்க மாட்டார், தாளமும் போட மாட்டார். மற்றவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். அதுதான் இவருடைய சங்கீத ஞானம். இவருக்கு உஷ்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உஷ்காரரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? அவருடைய வலது ஆட்காட்டி விரலைப் பாருங்கள். மற்ற மனிதர்களுக்கு அது சட்னியைத் தொட்டு ருசி பார்க்கவும், மொபைலை மேலும் கீழும் தள்ளவும், அடுத்தவன் தப்பைச் சுட்டிக் காட்டவும் பயன்படும். உஷ்காரருக்கு அது உதட்டின் மேல் செங்குத்தாக நிற்பதற்கென்றே படைக்கப்பட்டது. அடுத்த அடையாளம் இடது உள்ளங்கை. நீங்கள் வாயைத் திறக்கப் போகிறீர்கள் என்று அவருக்குச் சந்தேகம் தட்டினாலே போதும், டிராஃபிக் போலீஸ்காரர் கைபோல அது உங்கள் முகத்துக்கு நேரே எழும்பி நிற்கும். நீங்கள் தும்மலைக்கூட விழுங்கிவிடுவீர்கள்.

புனேயில், ஹடப்சரில், ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிச் சுவர்களைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பி விங்கில் இருக்கும் பத்மநாபன் இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்தியவர். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ரிடையர் ஆனவர். மனைவி சரசா, கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரொம்ப காலம் டீச்சராக இருந்தவள். ஓர் உஷ்காரரைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால் "உஷ்" என்பார். அவர் மனைவியைக் கேட்க வேண்டும். ஆகவே சரசாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வோம். காலி நாற்காலிக்கு அங்கே பஞ்சமே இல்லை.

பத்மநாபன் கும்பிடுகிற தெய்வத்துக்கு மேஸ்ட்ரோ ஹால்ப்ரூன் என்று பெயர். ஐரோப்பாவின் பெரிய பெரிய வாத்தியக் கோஷ்டிகளை நடத்தியவர். நூறு பேரை மூச்சு வாங்க வாசிக்க வைத்துவிட்டு, தான் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் மொத்தப் பெயரையும் தட்டிக்கொண்டு போகிறவர் என்பது சரசா தரும் விளக்கம். அவர் நடத்திய கச்சேரிகளையெல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். படங்களையெல்லாம் பத்மநாபன் வாங்கி வைத்திருக்கிறார். அதிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் எழுதப்பட்ட நீள நீளமான சிம்பொனிகள் என்றால் அவருக்கு உயிர். 'லேட் ரொமான்டிக்' என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

"லேட் ரொமான்டிக்னா என்ன ஸார்? ரிடையர் ஆனப்புறம் வர்ற காதலா?" என்று சங்கரன் ஒரு தரம் கேட்டுவிட்டார். சங்கரன் ஸி விங்காரர், போசரியில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயராக இருந்தவர், கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர். பத்மநாபன் அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு வேறு ஆள் கிடைக்காததால் பேசினார்.

வீட்டில் மேஸ்ட்ரோ படம் ஓடும்போது நடைமுறைக்கு வரும் சட்டங்களைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மின்விசிறி ஓடக் கூடாது. மே மாதமானாலும் சரி, கூடாது. வயலின்கள் மெல்ல முணுமுணுக்கும் இடங்களில் அது குறுக்கே பேசுகிறதாம். காலிங் பெல்லுக்குப் பஞ்சு. மொபைல்களெல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள். குக்கர் விஷயத்தில்தான் சரசாவுக்கும் அவருக்கும் பெரிய யுத்தம் நடந்து கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மூன்றாம் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முழக்கு முழக்கும். குக்கர் அந்த இடத்துக்குள் விசில் அடித்து முடித்துவிட வேண்டும். இப்படியாகச் சரசா, உலகத்தில் வேறு எந்தச் சங்கீத விமர்சகருக்கும் வாய்க்காத ஒரு ஞானத்தை அடைந்தாள். எந்தச் சிம்பொனியில் துவரம்பருப்பு வேகும், எதில் பாசிப்பருப்புதான் வேகும் என்று அவளால் கேட்டவுடன் சொல்லிவிட முடியும்.

பத்மநாபன் உட்கார்ந்து பார்ப்பதில்லை. டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை இரண்டு விரலால் பிடித்து, தாமும் நடத்துவார். மேஸ்ட்ரோ கையைத் தூக்கிய பிறகுதான் இவர் தூக்குவார். ஆனால் முகத்தைப் பார்த்தால், தாம் தூக்கியதால்தான் அவர் தூக்கினார் என்ற திருப்தி தெரியும்.

இதோடு நின்றிருந்தால் இது குடும்ப விவகாரம். உஷ்காரருக்கு ஒரு வீடு போதாது. உஷ் சொல்வதற்கு ஆள் வேண்டாமா? குடியிருப்பில் ஒரு கிளப் ஹவுஸ் உண்டு. அதில் புரொஜக்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது சும்மா கிடந்தது. பத்மநாபன் கமிட்டியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். முதல் வாரம் நாற்காலி போதவில்லை. எல்லாரும் ஏதோ சினிமா என்று நினைத்து வந்திருந்தார்கள். படம் தொடங்குவதற்கு முன் பத்மநாபன் ஒரு முன்னுரை நிகழ்த்தினார். அது முடிவதற்குள் குழந்தைகள் போய்விட்டார்கள், குழந்தைகளைத் தேடிக்கொண்டு தாய்மார்கள் போய்விட்டார்கள், தாய்மார்களைத் தேடிக்கொண்டு தகப்பன்மார்கள் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் முதல் பகுதி முடிந்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

"உஷ்! தட்டாதேங்கோ! இது முடிவில்லே, இன்னும் மூணு பகுதி இருக்கு!"

மூன்று பகுதி இருக்கிறது என்ற செய்தி கேட்டு மேலும் சிலர் போனார்கள்.

கடைசிவரை நிலைத்து நின்றவர் சங்கரன் ஒருவர்தான். அவரும் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே பார்ப்பார். மேஸ்ட்ரோ நடுவில் வேகத்தைக் குறைப்பார், கூட்டுவார், ஓரிடத்தில் அப்படியே நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். சங்கரனின் கை அந்தரத்தில் தவிக்கும்.

"என்ன ஸார் இது, காலப்பிரமாணம் நிக்கவே மாட்டேங்குதே! ஆரம்பிச்ச வேகம் என்ன, இப்பப் போற வேகம் என்ன? நம்ம ஊர்ல இப்படிப் பண்ணினா மிருதங்கக்காரர் உறையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார்."

"மேஸ்ட்ரோ காலத்தை வளைக்கறார், சங்கரன். அதுதான் இதுல அழகு."

"வளைக்கட்டும் ஸார். எனக்குத் தொடை வலிக்குதே!"

எல்லாவற்றுக்கும் சிகரம் முடிவில் வரும். மேஸ்ட்ரோவின் புகழ்பெற்ற ஒரு படம். ஒன்றரை மணி நேர சிம்பொனி. கடைசிப் பகுதி ஆர்ப்பாட்டமாக முடியாமல் தேய்ந்து தேய்ந்து, வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்கி, ஒன்றுமில்லாமல் போய்விடும். மேஸ்ட்ரோவின் கை மட்டும் காற்றில் அப்படியே நிற்கும். அந்த நிசப்தம்தான் சிம்பொனியின் உயிர் என்பது பத்மநாபன் சித்தாந்தம். அப்போது யாராவது நாற்காலியை நகர்த்தினால், "மேஸ்ட்ரோ கை இன்னும் எறங்கலை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். கை இறங்கும். படத்தில் உள்ள ஜனங்கள் கை தட்ட ஆரம்பிப்பார்கள். அந்தக் கணமே பத்மநாபனின் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தும். திரை இருண்டுவிடும். "கைதட்டல் சங்கீதம் இல்லே" என்பார். இத்தனை வருஷமாக இத்தனை படங்கள் பார்த்தவர், ஒன்றிலாவது கைதட்டலைப் பார்த்தது கிடையாது.

ஏன் என்று சரசாவுக்கு மட்டும் தெரியும். வேலையில் இருந்தபோது ஒரு பயிற்சிக்காக அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். யாரோ புண்ணியவான் ஒரு டிக்கெட்டைக் கையில் கொடுத்துக் கச்சேரிக்குப் போகச் சொன்னார். முதல் பகுதி முடிந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்தால் நாம் என்ன செய்வோம்? தட்டுவோம். தட்டினார். அவ்வளவு பெரிய அரங்கத்தில் அவர் ஒருவர் மட்டும் மனதாரத் தட்டினார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பக்கத்தில் முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றாள். அன்று வாங்கியதைத்தான் மனிதர் ஹடப்சரில் விநியோகம் செய்துகொண்டிருக்கிறார். காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரே ஒரு தடவை இதைச் சொன்னார். சரசா அவரை எவ்வளவோ கேலி செய்வாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் தொட மாட்டாள்.

சரி, சரசா இத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்தாள்? ஒருத்தியை விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, வாயையும் மூட வைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தால் என்ன செய்வாள்? மனுஷாளை வேடிக்கை பார்ப்பாள். நூறு பேர் கோட்டும் கறுப்பு கவுனுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், காமிரா ஒவ்வொருவர் முகத்துக்கும் கிட்டே போய்க் காட்டுகிறது. இதைவிட நல்ல சீரியல் எந்தச் சானலில் வருகிறது?

அந்தப் புகழ்பெற்ற படத்தில், பின் வரிசையில், நத்தை ஓடுபோலச் சுருண்ட ஹார்ன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தர் இருந்தார். சரசாவின் அத்தை பிள்ளை ஸ்ரீவத்சனை உரித்து வைத்த மாதிரி, அதே மீசை, அதே பாவமான பார்வை. ஆகவே அவருக்கு ஸ்ரீவத்சன் என்று பெயர் வைத்தாள். அவருக்கு நேர் முன்னால் சின்ன நாகஸ்வரம்போல் இருக்கும் ஓபோ என்ற குழலை வாசிக்கும் ஒரு பெண். நிமிர்ந்த கழுத்து, யாரையும் லட்சியம் பண்ணாத உதடு. அவளுக்கு மங்கையர்க்கரசி என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. ஸ்ரீவத்சன் வாசிக்காத நேரமெல்லாம் மங்கையர்க்கரசியின் பின்னந்தலையையே பார்க்கிறார். இரண்டாம் பகுதியில் அவள் தனியாக ஒரு சோகமான மெட்டு வாசிக்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்றாம் பகுதியில் அவர் எழும்பி எழும்பி ஊதுகிறார். அவள் திரும்பவே இல்லை. ஏதோ மனஸ்தாபம். ஹார்ன்காரர் பார்ப்பது மேஸ்ட்ரோவை, அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று பத்மநாபன் சொல்லியிருப்பார், யாராவது கேட்டிருந்தால்.

கடைசியில் என்ன ஆயிற்று? ஒரு தரம் ரிமோட்டில் பாட்டரி தீர்ந்துவிட்டது. பத்மநாபன் பதறிக்கொண்டு உள்ளே பாட்டரி தேடப் போனார். அந்த இடைவெளியில், நிற்காமல் ஓடிய படத்தில், சரசா மட்டும் அதைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் குடியிருப்பின் செக்ரட்டரி வைஜயந்தி வந்தாள். இந்த ஊரில் மரியாதைக்குரிய பெரியவர்கள் எல்லாருமே காகா.

"காகா, புரா மத் மானியே" என்று ஆரம்பித்தாள். தப்பாக நினைக்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை ஹாலைப் பெண்கள் ஜும்பா நடன வகுப்புக்குக் கேட்கிறார்கள். முப்பது பேர் தயாராக இருக்கிறார்கள். காகாவின் கச்சேரிக்கு வருவதோ மூன்று பேர். அதில் ஒருவர் காகா. இந்த ஞாயிறும் ஹால் காலியாக இருந்தால் கமிட்டிக்கு வேறு வழி இல்லை.

பத்மநாபன் "ஓகே" என்றார். உஷ்காரர்கள் சண்டை போடத் தெரியாதவர்கள். சண்டைக்குச் சத்தம் வேண்டுமே. அன்று சாயங்காலம் அவர் டிவி போடவில்லை. குக்கர் தன் இஷ்டத்துக்கு விசில் அடித்தது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. சரசாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"நான் என்ன கெடுதலா பண்றேன், சரசா? நல்லதை வந்து கேளுங்கோன்னுதானே கூப்பிடறேன்? ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது கடைசி வரைக்கும் கேட்டுட்டு, அந்த நிமிஷம் சும்மா இருந்தா போறும். அவ்வளவுதான் ஆசை."

 'ஒருத்தரை விடாம விரட்டினது யாரு?' என்று நாக்கு நுனிவரை வந்ததைச் சரசா விழுங்கிவிட்டு, "இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பெரிய படத்தையே போடுங்கோ" என்றாள்.

பத்மநாபன் தம் பங்குக்கு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். லேட் ரொமான்டிக் சிம்பொனியின் தோற்றம், வளர்ச்சி, மேஸ்ட்ரோவின் இளமைக்காலம், வரும்போது அணிய வேண்டிய செருப்பின் தன்மை எல்லாம் அதில் இருந்தன. அவ்வளவு நீளத்தை யார் படிப்பது? ஏ விங்கில் ஒருவர் "ஹாப்பி பர்த்டே காகா" என்று பதில் போட, அதைப் பார்த்து வரிசையாகப் பலர் கேக் படம் அனுப்பினார்கள்.

சரசா தன் பங்குக்குக் கேம்ப்பில் இருக்கும் மில்ட்ரெடுக்கு ஃபோன் செய்தாள். மில்ட்ரெட் அவளோடு வேலை பார்த்தவள், சர்ச் குவயரில் பாடுகிறவள். பேச்சு வழக்கம்போல முழங்கால் வலியில் தொடங்கி, ஸ்ரீவத்சனிடம் வந்து சேர்ந்தது.

"ஏன் சரசா, ஒரே குரூப்புல இருந்துகிட்டு முகம் குடுக்காம இருக்க முடியுமா? எங்க குவயர்லயும் இப்படி ரெண்டு பேர் இருந்தாங்க. அப்புறம் என்னாச்சு? அவ திரும்பிப் பார்த்தாளா இல்லியா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பாரு."

"ஏய், சொல்லிடுடி! எனக்குத் தூக்கம் வராது."

"ஆட்டோ பிடிச்சு வா."

லிஃப்ட்டில் வைஜயந்தியைப் பார்த்தபோது இதே கதையை ஹிந்தியில் சொன்னாள். ஹிந்தியில் ஸ்ரீவத்சனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே துக்கம் வந்து சேர்ந்தது. ஏழு மாடி இறங்குவதற்குள் இரண்டாம் பகுதி வரைதான் சொல்ல முடிந்தது. வைஜயந்தி கீழே வந்தும் வெளியே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஃபிர்?" அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சாயங்காலம் பார்க்கைச் சுற்றி நடக்கிற பெண்கள் கூட்டத்தில் மறுநாள் அதுதான் பேச்சு. அவர்களில் பாதிப்பேர் ஜும்பாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள். சங்கரன்கூட வழியில் சரசாவை நிறுத்தி, "ஏம்மா, அந்தப் பையன் வாசிக்கிறது என்ன வாத்தியம்?" என்று கேட்டார். தாளத்தைத் தவிர வேறொன்றை அவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸ் நிரம்பிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் தீர்ந்து, வீட்டுக்கு வீடு மோடாவும் ஸ்டூலும் இறங்கின. மில்ட்ரெட் தன் குவயர் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையைப் பிடித்துவிட்டாள். பத்மநாபன் வாசலில் நின்றபடி ஒவ்வொருவராக வருவதைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"பாத்தியா சரசா? நான் எழுதின அறிவிப்பு எப்படி வேலை செஞ்சிருக்கு பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் சரசா.

முன்னுரையில் அவர் வியன்னா நகரத்தின் தட்பவெப்ப நிலையை எட்டியபோது பின்னாலிருந்து, "காகா, சாலூ கரோ!" என்று படத்தை ஆரம்பிக்கச் சொல்லிக் குரல் வந்தது. அவருக்கே ஆச்சரியம், கோபம் வரவில்லை. இசைக்கு இவ்வளவு அவசரப்படுகிறவர்களை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? விளக்கை அணைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். ஒரு மொபைல் மினுக்கவில்லை. ஒருவர் இருமவில்லை. வயலின்கள் முழங்கும்போதெல்லாம் கொஞ்சம் அசிரத்தையாக இருந்த கூட்டம், காமிரா பின் வரிசைக்குப் போனதும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாம் பகுதியில் ஓபோவின் மெட்டு தொடங்கியபோது யாரோ ஒருத்தி "ச்சு ச்சு" என்றாள்.

"ஹார்ன் வர்ற இடத்துக்கெல்லாம் எப்படி நிமிர்றா பாரு" என்று பத்மநாபன் சரசாவின் காதில் சொன்னார். "இவாளுக்குள்ள இவ்வளவு ஞானம் இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே!"

முதல் பகுதி முடிந்தபோதும் யாரும் தட்டியிருக்கவில்லை. எதற்குத் தட்டுவது? அவள் இன்னும் திரும்பவில்லையே. மூன்றாம் பகுதி, தெரியாதவர்கள் முடிந்துவிட்டது என்று எழுந்து ஆர்ப்பரிக்கும் விதமாக, இடி இடித்து முடிந்தது. பத்மநாபன் உள்ளங்கையை உயர்த்தத் தயாரானார். தேவைப்படவில்லை. ஹால் முழுவதும் கன்னத்தில் கை வைத்தபடி காத்திருந்தது.

கடைசிப் பகுதி தேயத் தொடங்கியபோதுதான் சரசாவுக்கு உறைத்தது. எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். இவர்கள் காத்திருக்கும் இடம் கைதட்டலுக்குப் பிறகு வருகிறது. பத்மநாபனின் கையில் ரிமோட் இருக்கிறது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் மூன்று ஸ்டூல்கள், ஒரு மோடா, சங்கரன்.

வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்றுமில்லாமல் போயிற்று. மேஸ்ட்ரோவின் கை காற்றில் நின்றது. அந்தக் கையின் பின்னால், கொஞ்சம் மங்கலாக, நிமிர்ந்த ஒரு கழுத்து. ஹாலில் ஒருவர் மூச்சு விடவில்லை. சங்கரனின் கை தொடையில் அசையாமல் கிடந்தது. பத்மநாபன் திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். கண்ணில் நீர் தளும்பியது.

மேஸ்ட்ரோவின் கை இறங்கியது. பத்மநாபனின் கட்டைவிரலும் இறங்கியது. திரை இருண்டது.

"அரே!" என்று ஹால் முழுவதும் ஒரு குரலாக அலறியது.

"பந்த் கா கேலா?" "ஐயையோ, என்னங்க நிறுத்திட்டீங்க?" "காகா!" எல்லாவற்றுக்கும் மேலே வைஜயந்தியின் குரல் எழுந்தது. மராத்தி சங்கீத நாடகம் பார்த்து வளர்ந்தவள் அவள். பிடித்த இடம் வந்தால் அந்தக் கொட்டகைகளில் ஜனங்கள் என்ன கத்துவார்களோ, அதைக் கத்தினாள்.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

ஹால் பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர். இந்த ஊரில் இத்தனை காலம் இருந்தவருக்கு அந்தச் சொல்லின் மதிப்புத் தெரியாதா? பெரிய பெரிய பாடகர்கள் அந்த ஒரு கூச்சலுக்காகத் தவம் கிடந்திருக்கிறார்கள். அந்தக் கௌரவம் ஒரு லேட் ரொமான்டிக் சிம்பொனிக்கு, ஹடப்சரில்!  பத்மநாபனுக்கு உஷ் சொல்லவே தோன்றவில்லை.

"எங்கேர்ந்து போடட்டும்?" என்று தழுதழுத்தார்.

"எண்ட்! எண்ட்!"

அதற்குள் சரசா மோடாவைத் தாண்டி வந்துவிட்டாள். "ரிமோட்டைக் குடுங்கோ. கை நடுங்கறது பாருங்கோ, நான் வெச்சுக்கறேன்." கொடுத்தார். அந்த நிமிஷம் அவள் வீட்டுச் சாவியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

மறுபடியும் வயலின்கள் அடங்கின. மறுபடியும் கை நின்றது, இறங்கியது. படத்தில் ஒருவர் தட்டினார், பிறகு பத்துப் பேர், பிறகு அரங்கமே தட்டியது. பத்மநாபனின் விரல் பழக்கத்தில் காற்றில் எதையோ அழுத்தியது. அவர் முகம் சுருங்கியதைச் சரசா இருட்டிலும் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் மேஸ்ட்ரோ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தெய்வம் இல்லை, களைத்துப்போன ஒரு மனுஷர். அவர் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்து, பின் வரிசையைக் காட்டி, 'நீ எழுந்திரு' என்று சைகை செய்தார். ஸ்ரீவத்சன் ஹார்னை அணைத்துக்கொண்டு கூச்சத்தோடு எழுந்து நின்றார். கைதட்டல் இடித்தது. அப்போது மங்கையர்க்கரசி நாற்காலியில் முழுக்கத் திரும்பினாள். அவரை அண்ணாந்து பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கையில் குழல் இருந்ததால், தன் இரண்டு காலாலும் மேடையைத் தடதடவென்று தட்டினாள்.

ஹடப்சர் கிளப் ஹவுஸ் எழுந்து நின்று கை தட்டியது. மில்ட்ரெட் விசில் அடித்தாள். சங்கரன் தாளம் தப்பித் தட்டினார். நடுவில், எல்லோரையும்விடப் பலமாக, பத்மநாபன் தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜெர்மனி சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக. இந்தத் தடவை அவர் தனியாக இல்லை.

தட்டிக்கொண்டே குனிந்து கேட்டார்: "சரசா, அந்த ஓபோக்காரி எதுக்குக் காலைத் தட்டறா? ரெண்டு பேருக்கும் ஏதாவது..."

சரசா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை உதட்டில் வைத்தாள்.

"உஷ்!"

ஜும்பா இப்போது காலையில் நடக்கிறது. ஞாயிறு ஹால் பத்மநாபனுக்கு நிரந்தரம் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. அவர் இப்போது புரொஜக்டரை அணைப்பதில்லை; "கைதட்டலும் சங்கீதத்தோட ஒரு பகுதி" என்று தாமே கண்டுபிடித்ததுபோல் முன்னுரையில் சொல்கிறார். அடுத்த வாரப் படத்தைச் சரசா மத்தியானங்களில் தனியாக உட்கார்ந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலாவது வரிசை வயலின்காரிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வைஷு. வாழ்க்கையில் நிறையக் கஷ்டப்பட்டவள். அப்போது பத்மநாபன் காப்பி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தால், பாவம், வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார். ஏனென்றால் சரசாவின் உள்ளங்கை எழும்பிவிடுகிறது.

ஆமாம், இது ஒட்டுகிற வியாதிதான். பத்மநாபனைப் பார்த்துச் சிரித்தீர்களே, போன வாரம் தியேட்டரில் பாப்கார்ன் பொட்டலத்தைச் சரசரக்க வைத்தவனைத் திரும்பி முறைத்தது யார்? கல்யாணத்தில் நாகஸ்வரக்காரர் வாசிக்கும்போது பேசிக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டாரைப் பார்த்து 'ச்சு' கொட்டியது யார்? அதெல்லாம் போகட்டும். இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்கையில், நடுவில் எங்கேயோ, வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை மட்டும் தூக்கினீர்கள். அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். கையை இறக்குங்கள்.